'ரோக் டிரேடர்' பார்த்தவர்கள் வாங்க: 88888 கணக்கைப் படம் சரியாகச் சொல்கிறதா?

இரவுக்காட்சி

ஜேம்ஸ் டியர்டன் இயக்கி, யூவன் மெக்ரெகர் நடித்து 1999இல் வந்த படம். இங்கே இதற்குத் தனி இழை இல்லை, அதனால் தொடங்குகிறேன். சிங்கப்பூரில் இருந்துகொண்டு லண்டனின் பேரிங்ஸ் வங்கியைக் கவிழ்த்த நிக் லீசனின் கதை. அவர் நட்டத்தை மறைத்து வைத்த கணக்கின் எண்தான் 88888. 1762இல் தொடங்கிய வங்கி 1995 பிப்ரவரி 26 அன்று திவாலானது. நட்டம் 827 மில்லியன் பவுண்டு. அப்போது அவருக்கு வயது 28.

பட்ஜெட் கையைக் கடித்திருப்பது தெரிகிறது. ஆட்கள் கூடிக் கத்தி வாங்கி விற்கும் சந்தைக் களக் காட்சிகளில் கேமரா முகங்களை விட்டு நகரவே தயங்குகிறது. மெக்ரெகர்தான் படத்தைத் தோளில் சுமக்கிறார். ஆனால் முடிந்த பிறகும் மூன்று கேள்விகள் மிச்சம். ஸ்ட்ராடில் என்பது என்ன? லண்டன் ஏன் கேட்கக் கேட்கப் பணம் அனுப்பியது? ஜப்பானில் கோபே நிலநடுக்கம் வராமலிருந்தால் ஆள் தப்பியிருப்பாரா? தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாயிருக்கும்.

தாயக்கட்டை

முதல் கேள்விக்கு மட்டும் பதில். ஒரே விலைப்புள்ளியில் ஒரு கால் ஆப்ஷனையும் (அந்த விலையில் வாங்கும் உரிமை) ஒரு புட் ஆப்ஷனையும் (அந்த விலையில் விற்கும் உரிமை) சேர்த்து விற்பதுதான் ஷார்ட் ஸ்ட்ராடில். விற்றவருக்கு பிரீமியம், அதாவது அந்த உரிமைகளின் விலை, உடனே கைக்கு வரும். சந்தை இருந்த இடத்திலேயே கிடந்தால் அந்தப் பணம் முழுக்க அவருக்கு. மேலே ஓடினாலும் நட்டம், கீழே விழுந்தாலும் நட்டம்.

கணக்குப் போட்டால் புரியும். இது விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். ஜப்பான் பங்குச்சந்தையின் நிக்கேய் 225 குறியீட்டில் 19,500 புள்ளியில் ஸ்ட்ராடில் விற்கிறீர்கள். இரண்டு பிரீமியமும் சேர்த்து 600 புள்ளி. சிங்கப்பூரின் சைமெக்ஸ் சந்தையில் ஒரு புள்ளிக்கு 500 யென், ஆக ஒரு ஸ்ட்ராடிலுக்கு 3,00,000 யென் வரவு. குறியீடு 18,900க்கும் 20,100க்கும் நடுவில் முடிந்தால் உங்களுக்கு லாபம். 17,785இல் முடிந்தால்? 1,715 புள்ளி கொடுக்க வேண்டும், வாங்கிய 600 போக 1,115 புள்ளி கைநட்டம். ஒன்றுக்கு 5,57,500 யென். இதை ஆயிரக்கணக்கில் விற்று வைத்திருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

17,785 என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. 1995 ஜனவரி 23 அன்று நிக்கேய் முடிந்த இடம் அதுதான்.

பேரேடு

தாயக்கட்டை சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். லீசன் ஸ்ட்ராடில் விற்றது சந்தை அசையாது என்ற நம்பிக்கையால் மட்டும் இல்லை. 88888 கணக்கில் ஃபியூச்சர்ஸ் (இன்றே விலை பேசி, பிற்பாடு தீர்க்கும் ஒப்பந்தம்) நட்டம் ஏறிக்கொண்டிருந்தது. பிரீமியமாக வரும் ரொக்கத்தை அதே கணக்கில் வரவு வைத்தால் பள்ளம் நிரம்பியது போலத் தெரியும். மாதக் கடைசியில் கணக்கைக் காட்டுகிறவருக்கு இது பெரிய வசதி. அதாவது எதிர்கால நட்டத்தை விற்று நிகழ்கால ஓட்டையை அடைத்தார். படத்தில் இது ஒரே வசனத்தில் ஓடிவிடுகிறது. கதையின் அச்சாணியே இதுதான், இதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்கியிருக்கலாம்.

நட்டம் ஏறிய விதம்: 1992 முடிவில் 2 மில்லியன் பவுண்டு. 1993 முடிவில் 23 மில்லியன். 1994 முடிவில் 208 மில்லியன். அதன்பின் இரண்டே மாதத்தில் 827. நிலநடுக்கத்துக்கு முன்பே 208 என்பதைக் கவனியுங்கள்.

கீழ்வானம்

படம் லீசனே எழுதிய நூலை வைத்து எடுத்தது என்பதை மறந்துவிட்டுப் பேசுகிறோம். அதனால்தான் அந்த முதல் தவறு அவ்வளவு இரக்கத்தோடு வருகிறது. அனுபவமில்லாத ஊழியர் 20 காண்ட்ராக்ட் (ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தம்) வாங்கச் சொன்னதை விற்றுவிடுகிறார், அவர் வேலை போகக்கூடாது என்று நாயகன் மறைக்கிறார். பார்க்கிறவர் மனம் அங்கேயே அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. பின்னால் அவர் செய்கிற எல்லாவற்றுக்கும் அந்த ஒரு காட்சி நற்சான்றிதழ் மாதிரி நிற்கிறது. எனக்கு அது உறுத்துகிறது.

தாயக்கட்டை

கீழ்வானம், உறுத்தல் நியாயம். ஆனால் அந்தத் தவறின் கணக்கை ஒருமுறை பார்த்துவிடலாம், பலருக்கும் அது 20 காண்ட்ராக்ட் நட்டம்தானே என்று தோன்றும். உண்மையில் 40.

வாடிக்கையாளர் 20 வாங்கச் சொன்னார். நீங்கள் 20 விற்றீர்கள். சந்தை 100 புள்ளி ஏறுகிறது. தவறாக விற்ற 20ஐத் திரும்ப வாங்கி மூட வேண்டும்: 20 × 500 × 100 = 10 லட்சம் யென் நட்டம். வாடிக்கையாளருக்குப் பழைய விலையில் 20 கொடுக்க வேண்டும், நீங்கள் வாங்குவதோ புது விலையில்: இன்னொரு 10 லட்சம். இரண்டும் நிறுவனத்தின் தலையில். இப்படி நடக்கும் பிசகுகளை உள்ளே போட்டு, அன்றைக்கே மூடி, மேலிடத்துக்குச் சொல்வதற்காகத்தான் எந்த நிறுவனத்திலும் பிழைக் கணக்கு என்று ஒன்று வைத்திருப்பார்கள். பிழைக் கணக்கு இருப்பதில் குற்றமே இல்லை. மூடாமல் விட்டதும், சொல்லாமல் விட்டதும்தான் குற்றம்.

பேரேடு

சொல்லாமல் விட்டது எப்படி என்பதையும் படம் தாண்டிப் போகிறது. 1992 ஜூலையில், கணக்கு திறந்த சில நாட்களிலேயே, கணினி நிரலில் ஒரு மாற்றம் செய்யச் சொன்னார் லீசன். லண்டனுக்குப் போகும் தினசரி அறிக்கைகளில் 88888 வராது. மார்ஜின், அதாவது சந்தையில் கட்டிவைக்கும் ஈட்டுத்தொகை, பற்றிய கோப்பில் மட்டும் வரும். லண்டன் கணினிக்கு அந்த எண் யாருடையது என்று தெரியாததால் அடையாளம் தெரியாத பதிவுகளோடு அதையும் ஒதுக்கி வைத்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை. எண் லண்டனில்தான் இருந்தது. இரண்டரை வருடம் அங்கேயே இருந்தது.

படத்தின் தொடக்கத்தில் ஜகார்த்தாக் காட்சி வருமே, தேங்கிக் கிடந்த பங்குச் சான்றிதழ்களைத் தரம் பிரித்துச் சரிசெய்வது. பலர் அது வேண்டாத முன்கதை என்கிறார்கள். என் பார்வையில் படத்திலேயே மிக முக்கியமான காட்சி. இவர் களத்தில் கூச்சலிட்டு வளர்ந்தவர் இல்லை, வாங்கி விற்றதைப் பதிந்து சரிபார்க்கிற பேக் ஆபீஸில் வளர்ந்தவர். பணம் எந்தக் குழாய் வழியே போகிறது, எந்த மூலையில் ஆள் பார்க்கமாட்டார் என்று தெரிந்தவர். அவரையே களத்துக்கும் அனுப்பி, பேக் ஆபீஸையும் அவர் கையிலேயே விட்டார்கள். வாங்கி விற்கிறவரும் அவரே, அந்தப் பதிவுகளைச் சரிபார்க்கிறவரும் அவரே.

இரவுக்காட்சி

சரி, லண்டன் ஏன் அனுப்பியது? படத்தில் மேலதிகாரிகள் வெறும் ஏமாளிகளாக வருகிறார்கள். அவ்வளவுதானா?

பேரேடு

அவர்கள் நம்பியதற்கு ஒரு தர்க்கம் இருந்தது. அதைப் படம் காட்டியிருந்தால் அவர்கள் கேலிச்சித்திரம் ஆகியிருக்க மாட்டார்கள்.

அப்போது நிக்கேய் ஃபியூச்சர்ஸ் ஜப்பானின் ஒசாகாவிலும் நடந்தது, சிங்கப்பூர் சைமெக்ஸிலும் நடந்தது. சில நொடிகளுக்கு இரண்டு இடத்திலும் விலை வேறுபடும். மலிவான இடத்தில் வாங்கி, அதே நொடியில் மற்ற இடத்தில் விற்றால் சின்ன லாபம், அபாயம் மிகக் குறைவு. இதற்குப் பெயர் ஆர்பிட்ரேஜ். லீசன் செய்வது இதுதான் என்று லண்டன் நினைத்தது. ஒசாகா காண்ட்ராக்ட் புள்ளிக்கு 1,000 யென், சைமெக்ஸ் 500. ஆகவே ஒசாகாவில் ஒன்றுக்கு சைமெக்ஸில் இரண்டு வைத்தால்தான் சமன்.

இரண்டு சந்தையும் தனித்தனியே மார்ஜின் கேட்கும். ஒன்றில் நட்டம் வந்தால் அங்கே உடனே ரொக்கம் கட்ட வேண்டும். அதனால் "ஆர்பிட்ரேஜுக்கும் பணம் தேவைப்படும்தான்" என்ற எண்ணத்தில் தப்பில்லை. ஆனால் உண்மையான ஆர்பிட்ரேஜில் சிங்கப்பூரில் போகிற பணம் ஒசாகாவில் திரும்பி வரும். வட்டமாகச் சுற்ற வேண்டும். இங்கே ஒரே திசையில் போய்க்கொண்டே இருந்தது. 1994 முடிவில் சிங்கப்பூர்க் கிளைக்குப் போயிருந்தது ஏறக்குறைய 221 மில்லியன் பவுண்டு. 1995 பிப்ரவரி 24இல் 742 மில்லியன். எந்த வாடிக்கையாளருக்காக எவ்வளவு என்ற பிரிப்புக் கணக்கு ஒழுங்காக இல்லாமலே போனது. வங்கியின் மூலதனமே அவ்வளவு கிடையாது.

இந்த ஒற்றைத் திசையைக் காட்ட ஒரு தொலைநகல் இயந்திரமும் ஒரு காசாளர் முகமும் போதும். கூட்டம் வேண்டாம், களம் வேண்டாம். குறைந்த பட்ஜெட் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான பதற்றம் ஏது?

கீழ்வானம்

ஒசாகாவில் உறுப்பினர்களின் இருப்பு வாராவாரம் வெளியாகுமே? பேரிங்ஸ் பெயரில் பெரிய எண் நிற்பதைச் சந்தையே பார்த்துக்கொண்டுதானே இருந்தது?

பேரேடு

ஆமாம். எல்லோரும் பார்த்தார்கள். சிங்கப்பூரில் அதற்கு எதிரான விற்பனை இருக்கும், இரண்டும் கழிந்துபோகும் என்று எடுத்துக்கொண்டார்கள். சிங்கப்பூரிலும் வாங்கித்தான் வைத்திருந்தார். ஒவ்வொரு சந்தையும் பாதிப் படத்தைப் பார்த்து, மறுபாதி சரியாயிருக்கும் என்று நம்பியது.

ஆறாம்வரிசை

பூகம்பம் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்குப் படத்தில் பிடித்த பகுதி அதுதான். விதி வந்து கதவைத் தட்டுவது மாதிரி.

தாயக்கட்டை

அங்கேதான் எனக்குப் பெரிய கருத்து வேறுபாடு, ஆறாம்வரிசை. தேதிகளை வரிசையாக வையுங்கள்.

ஜனவரி 17, செவ்வாய், அதிகாலை 5:46. கோபேயில் நிலநடுக்கம், 6,400 பேருக்கு மேல் உயிரிழப்பு. அன்றைக்குச் சந்தை அதலபாதாளத்துக்குப் போகவில்லை. அந்த வாரம் முழுக்க இறங்கியது மிதமாகத்தான். ஜனவரி 23, திங்கள், ஒரே நாளில் 1,000 புள்ளிக்கு மேல் சரிவு. நடுவில் சந்தை நடந்த நாட்கள் இருந்தன. நட்டத்தை ஏற்று மூட வழி இருந்த நாட்கள் அவை. அந்த நாட்களில்தான் அவர் வாங்கிக் குவித்தார், சந்தை மீளும் என்று நம்பி, தன் வாங்குதலாலேயே விலையைத் தாங்கிப் பிடிக்க முயன்று. 23க்குப் பிறகும் நிறுத்தவில்லை. கடைசியில் சைமெக்ஸில் மட்டும் 60,000க்கு மேல் நிக்கேய் காண்ட்ராக்ட் வாங்கிய நிலையில் இருந்தது.

60,000 × 500 யென் × 100 புள்ளி = 300 கோடி யென். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 19 மில்லியன் பவுண்டு. குறியீடு ஒரு சதவீதம்கூட நகர வேண்டாம், இவ்வளவு போய்விடும்.

ஆகவே இரவுக்காட்சியின் மூன்றாவது கேள்விக்கு என் பதில்: நிலநடுக்கம் நட்டத்தை விரைவுபடுத்தியது. வங்கியைக் கவிழ்த்தது அதற்குப் பின் மேலும் மேலும் வாங்கிக் குவித்த கை. படம் பார்த்து வெளியே வருகிறவர் "பாவம், பூகம்பம் வந்துவிட்டது" என்று சொன்னால் படம் தன் வேலையைச் செய்யவில்லை.

ஆறாம்வரிசை

தேதி இடைவெளி எனக்குத் தெரியாது. ஒத்துக்கொள்கிறேன். அந்த ஆறு நாளை வைத்தே ஒரு முழுப் படம் எடுக்கலாம் போலிருக்கிறது.

ஒளிப்பெட்டி

களக் காட்சிகளைப் பற்றி, எடுக்கிற ஆளின் பார்வையில். நெருக்கமாக எடுத்ததைக் குறையாகச் சொல்வது சரியில்லை. கையில் 40 துணை நடிகர்தான் என்றால் வழி அதுதான். 85 மி.மீ.க்கு மேல் நீளமான லென்ஸ், பின்னால் ஆட்கள் ஒட்டி நிற்பது போல் சுருங்கித் தெரியும். வண்ணச் சட்டைகளை மாற்றிப் போட்டு அதே ஆட்களை இடம் மாற்றி நிறுத்தினால் கூட்டம் இருமடங்காகும். தரையில் கிழிந்த தாள்கள். மேலே ஒரு விலைப்பலகை, அதுவும் மங்கலாக. இவ்வளவு போதும், கண் மீதியை நிரப்பிக்கொள்ளும்.

கெட்டுப்போவது இரண்டு இடத்தில். ஒன்று, கை. உள்ளங்கை தன்னைப் பார்த்திருந்தால் வாங்குகிறேன், வெளியே பார்த்திருந்தால் விற்கிறேன். சைமெக்ஸ் சிக்காகோ முறையில் 1984இல் தொடங்கிய களம், சைகைகளும் அந்த வழி. கையை உடலைவிட்டுத் தள்ளிக் காட்டினால் விலை. முகத்தருகே கொண்டுவந்தால் எண்ணிக்கை, தாடையில் ஒற்றை எண்கள், நெற்றியில் பத்துகள். துணை நடிகர்களுக்கு அரை நாள் இதைப் பழக்காவிட்டால் எல்லோரும் சும்மா கையை ஆட்டுவார்கள், தெரிந்தவர் கண்ணுக்கு உடனே படும். 20 வாங்குவது விற்பதாக மாறிய கதைக்கு இதைவிட நல்ல நெருக்கக் காட்சி கிடையாது: நெற்றியில் இரண்டு விரல், உள்ளங்கை எந்தப் பக்கம்? வசனமே வேண்டாம்.

இரண்டு, படக்குழாய் வைத்த பழைய கணினித் திரைகள். பிலிமில் எடுத்தால் திரையில் கருப்புப் பட்டை உருளும். நொடிக்கு 24 பிரேம் ஓட்டி 60 ஹெர்ட்ஸ் திரையை எடுக்க 144 டிகிரி ஷட்டர் வைப்பார்கள், அது நொடியில் 60இல் ஒரு பங்கு. பட்டை மெலியும், ஆனாலும் ஊர்ந்துகொண்டிருக்கும். 25 பிரேம், 50 ஹெர்ட்ஸ் திரை, 180 டிகிரி என்றால் வேகம் பொருந்திப் பட்டை நின்றுவிடும். பிறகு அதைச் சட்டகத்துக்கு வெளியே தள்ள வேண்டும். இதற்கெல்லாம் நேரம் இல்லாத படப்பிடிப்பில் திரையைக் காட்டாமல் திரையைப் பார்க்கிற முகத்தைக் காட்டுவார்கள். நிதிப் படங்களில் நீல ஒளி விழுந்த முகங்கள் இவ்வளவு வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கீழ்வானம்

உள்ளங்கைக் காட்சி யோசனை அருமை.

கத்தரிக்கோல் காட்சியையும் சொல்லுங்கள். கணக்குத் தணிக்கையில் 778 கோடி யென் இடிக்கிறது. அதை அடைக்க ஒரு நியூயார்க் நிறுவனத்தின் பெயரில் உறுதிக் கடிதம் தயாராகிறது: கையெழுத்தை வெட்டி, ஒட்டி, நகலெடுத்து, தொலைநகலில் அனுப்புவது. வீட்டுத் தொலைநகலில் இருந்து போனதால் தாளின் தலையில் "நிக், லிசாவிடமிருந்து" என்று அச்சாகி வந்தது (லிசா அவர் மனைவி). நடந்ததும் அதுதான். தணிக்கையில் அது கடந்தும் போனது. படத்திலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த இடம் எனக்கு அதுதான். செலவு என்ன? பசை, கத்தரி, ஒரு மேசை விளக்கு.

பேரேடு

அதற்கு இணையான இன்னொரு தாள் இருக்கிறது. 1995 ஜனவரி 11 தேதியிட்டு சைமெக்ஸ் அனுப்பிய கடிதம். 88888 என்ற எண்ணையே குறிப்பிட்டு, மார்ஜின் குறைவதைச் சொன்ன கடிதம். பூகம்பத்துக்கு ஆறு நாள் முன்பு. அதற்கு முன்னால், 1994 ஆகஸ்டில் உள்தணிக்கைக்காரர்கள் வந்து, களத்தையும் பேக் ஆபீஸையும் ஒருவரே நடத்துவதால் கட்டுப்பாடுகளை மீற முடியும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிரிக்கச் சொன்னார்கள். பிரிக்கவில்லை. 1994க்கு லீசன் காட்டிய லாபம் 28.5 மில்லியன் பவுண்டு, உண்மையில் அந்த ஆண்டு நட்டம் 185 மில்லியன். லாபம் கொண்டுவருகிறவரின் கையைப் பிடிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

இந்தத் தாள்கள் எல்லாம் பேங்க் ஆஃப் இங்கிலாந்து தரப்பிலும் சிங்கப்பூர் அரசு தரப்பிலும் 1995இல் வந்த விசாரணை அறிக்கைகளில் இருக்கின்றன. நூலை மட்டும் நம்பாமல் அவற்றையும் எடுத்திருந்தால் வேறு படம் வந்திருக்கும்.

இரவுக்காட்சி

முடிவுப் பகுதி அவசரமாக ஓடுகிறது என்று தோன்றியது. கோலாலம்பூர், கோத்தா கினபாலு, பிராங்க்பர்ட்... பிறகு சட்டென்று சிறை.

கீழ்வானம்

நிஜமும் வேகமாகத்தான் நடந்தது. பிப்ரவரி 23 சிங்கப்பூரை விட்டார். மார்ச் 2 பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் கைது. சில நாளில் டச்சு வங்கியான ஐ.என்.ஜி. பேரிங்ஸை ஒரு பவுண்டுக்கு வாங்கியது. டிசம்பரில் சிங்கப்பூர் நீதிமன்றம் ஆறரை ஆண்டு கொடுத்தது. ஒப்புக்கொண்ட குற்றங்கள் இரண்டு: தணிக்கையாளர்களை ஏமாற்றியது, சைமெக்ஸை ஏமாற்றியது. 827 மில்லியனை இழந்தது என்பது குற்றச்சாட்டிலேயே இல்லை. இதைப் படம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சந்தையில் தோற்பது குற்றமாகாது.

எழுத்தோட்டம்

இந்தப் படத்துக்குத் தமிழ்த் துணைவரிகள் தயாராகின்றன. ஒரு வரிக்கு 40 எழுத்துக்குள், இரண்டே வரி. லாங், ஷார்ட், மார்ஜின் கால், எரர் அக்கவுன்ட் நான்குக்கும் சொல் வேண்டும். அகராதிச் சொற்கள் களச் சத்தத்தில் ஒட்டவில்லை.

தாயக்கட்டை

லாங் என்பதற்கு "வாங்கி நிற்கிறோம்", ஷார்ட் என்பதற்கு "விற்று நிற்கிறோம்". நிற்பது என்ற வினை வந்தாலே இன்னும் மூடவில்லை என்பது புரிந்துவிடும். எண் வந்தால் எண்ணை முதலில் போடுங்கள்: "இருபது விற்று நிற்கிறோம்". கத்துகிறவர் வாயில் எண்தான் முதலில் வரும்.

பேரேடு

எரர் அக்கவுன்டுக்குப் "பிழைக் கணக்கு" போதும். மார்ஜின் காலுக்கு "ஈட்டுத்தொகை அழைப்பு" என்று போடாதீர்கள், யாரோ தொலைபேசியில் கூப்பிடுவதாக நினைப்பார்கள். "ஈடு கட்டச் சொல்கிறார்கள்" என்று வாக்கியமாகவே விடுங்கள். லண்டன் காட்சிகளில் மட்டும் "மார்ஜின்" என்ற சொல்லை அப்படியே வைக்கலாம், அங்கே பேசுகிறவர்கள் அலுவலர்கள்.

எழுத்தோட்டம்

அந்தக் கணக்கு எண்? "எண்பத்தெட்டாயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டு" இரண்டு வரியையும் தின்றுவிடுகிறது. இலக்கத்திலேயே போடலாமா?

கீழ்வானம்

தாளிலோ திரையிலோ தெரியும்போது 88888 என்று இலக்கத்தில். வாயால் சொல்லும்போது "ஐந்து எட்டு". சீனர்களிடையே எட்டு அதிர்ஷ்ட எண், சிங்கப்பூர்ப் பார்வையாளருக்கு அது சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்காக எண் முதலில் வரும் இடத்தில் மட்டும் "ராசியான ஐந்து எட்டு" என்று ஒரு சொல் கூட்டுங்கள். அடுத்த முறையிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிடலாம்.